பெட்டி கேட்டால் ரவுட்டர் திறக்கலாமா?

வீட்டில் நாஸ் வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. புது ரவுட்டர் மாட்டியதிலிருந்து வெளியூரில் இருந்தபடி பெட்டிக்குள் போக முடியவில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ரவுட்டரைத் தானாக அமை' என்ற பொத்தானை அழுத்தினால் தோல்வி என்று வருகிறது. பழைய ரவுட்டரில் இதே வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆகவே புது ரவுட்டர் சரியில்லை, வேறு வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். திருச்சியில் ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ், வீடு என்று நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்: அந்த ரவுட்டர் செய்வதுதான் சரி. தானாகப் போர்ட் திறக்கும் வசதிக்குக் கடிவாளம் வேண்டும். அந்தக் கடிவாளம் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை.

நாஸைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு அல்லது நான்கு ஹார்ட்டிஸ்க் செருகிய சின்னப் பெட்டி அது. ரவுட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் செல்போனுக்கும் அதுவே பொதுவான சேமிப்பிடம். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் இல்லாமல் இருக்க முடியாத பொருள் ஆகிவிட்டது. இரண்டு மூன்று கேமரா, 4கே வீடியோ என்று ஒரு முகூர்த்தத்தை எடுத்தால் சில நூறு ஜி.பி. சேர்ந்துவிடும். ஆடிட்டர்களிடம் வாடிக்கையாளர்களின் பான் எண் முதல் வங்கிக் கணக்கு வரை இருக்கும். வீடுகளில் பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள். கிளவுடுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதைவிட இது மேல் என்று நானே பலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். வாங்கி ஒரு வாரம் ஆனதும் அடுத்த ஆசை வந்துவிடும்: ஊரில் இல்லாதபோதும் இதைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கேதான் ரவுட்டர் குறுக்கே நிற்கிறது.

ரவுட்டருக்கு இணையத்தின் பக்கம் ஒரே ஒரு முகவரி. உள்ளே டி.வி., செல்போன், கேமரா, நாஸ் என்று இருபது கருவிகள் இருக்கும். உள்ளிருந்து ஒரு கருவி கேட்ட கேள்விக்கு வெளியிலிருந்து பதில் வந்தால், கேட்டவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ரவுட்டருக்குத் தெரியும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒன்று வந்தால், யாருக்கு என்று தெரியாததால் தள்ளிவிடும். 'இந்த எண்ணில் வந்தால் இந்தப் பெட்டிக்கு அனுப்பு' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் நாமே எழுதி வைக்கலாம். எல்லோருக்கும் அது கைவராது என்பதால், கருவியே ரவுட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வழி ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் பெயர் யூ.பி.என்.பி. 1999இல் மைக்ரோசாஃப்ட் முன்கை எடுத்து அதற்கென ஓர் அமைப்பு தொடங்கியது. ரவுட்டர்களுக்கான முதல் விதித்தொகுப்பு 2001இல் வந்தது.

அந்த விதித்தொகுப்பில் கடவுச்சொல் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் கருவி எதுவானாலும் நம்பத் தக்கது என்பது அதன் அடிப்படை. வீட்டில் ஒன்றிரண்டு கணினி மட்டும் இருந்த காலத்தில் அப்படி நினைத்ததில் தவறு காண முடியாது. இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்றால், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் யார் பேசினாலும் — வீட்டுக்காரர், விருந்தாளி, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் — 'இன்னாரை இனிமேல் எப்போது வந்தாலும் மேலே அனுப்பு' என்று சொன்னால் போதும், பேசியது யார் என்றுகூடக் கேட்காமல் அவர் அனுப்பிக்கொண்டே இருப்பது போல.

2010இல் வந்த இரண்டாம் பதிப்பு இதைத் திருத்தப் பார்த்தது. தன்னை யார் என்று நிரூபிக்காத கருவி, தன் சொந்த முகவரிக்கு மட்டுமே போர்ட் கேட்கலாம், வேறொரு கருவிக்காகக் கேட்கக் கூடாது. 1024க்குக் கீழே உள்ள எண்களைத் தொடக் கூடாது. எந்தத் திறப்பும் அதிகபட்சம் ஒரு வாரம்தான், அதன்பின் மறுபடி கேட்க வேண்டும். முதல் இரண்டும் பரிந்துரைகள்தான், கட்டாயம் இல்லை. ஆனாலும் நல்ல ரவுட்டர்கள் அவற்றைப் பின்பற்றுகின்றன. நாஸ் பெட்டி 443ஐ எனக்குத் திறந்து விடு என்று கேட்டு, ரவுட்டர் மறுத்து, திரையில் தோல்வி என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைப் பழுது என்று நினைத்துத்தான் ரவுட்டரை மாற்றக் கிளம்புகிறார்கள்.

மறுக்காத ரவுட்டர்களால் என்ன ஆனது என்பதற்கு வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கதையே போதும். 2010இல் விற்பனைக்கு வந்த பெட்டி அது. 2015க்குப் பிறகு அதற்கு மென்பொருள் திருத்தம் எதுவும் வரவில்லை. ஆனாலும் பெட்டி ஓடியது, படங்கள் இருந்தன, பலரும் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2021 ஜூன் கடைசி வாரத்தை ஒட்டி உலகின் பல நாடுகளில் அந்தப் பெட்டிகள் தாமாகவே தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டன. வெளியிலிருந்து யாரோ கட்டளை கொடுத்திருந்தார்கள். ஆராய்ந்தவர்கள் கண்டது இது: எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளைக்கு முன்னால் கடவுச்சொல் கேட்க வேண்டிய வரிகளை, நிரல் எழுதியவர்கள் செயல்படாதபடி செய்து விட்டிருந்தார்கள். அந்தப் பெட்டிகள் இணையத்துக்கு எப்படித் தெரிந்தன? நேரடியாக இணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது போர்ட் கையாலோ யூ.பி.என்.பி. வழியாகத் தானாகவோ திறக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே விளக்கம் தந்தது. தானாகத் திறந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு, தங்கள் பெட்டி ஊர் பார்க்க இருக்கிறது என்பதே அன்றுவரை தெரிந்திருக்காது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, 2022 ஜனவரியில், தைவானின் க்யூநாப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற கும்பல் பிடித்தது. காலையில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால் வழக்கமான நுழைவுத் திரைக்குப் பதிலாகக் கப்பக் கடிதம். கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டிருக்கும், சாவி வேண்டுமானால் 0.03 பிட்காயின். அன்றைய மதிப்பில் சுமார் 1,100 டாலர். க்யூநாப் அவசரமாகத் தன் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வேலை சொன்னது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், பெட்டியின் 'ஆட்டோ ரவுட்டர் கான்ஃபிகரேஷன்' பக்கத்துக்குப் போய் யூ.பி.என்.பி. போர்ட் ஃபார்வர்டிங்குக்கு நேரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். ஆம், வாங்கிய புதிதில் எல்லோரும் ஆசையாக அழுத்திய அதே பொத்தான்தான். அந்த ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்துப் போலீசார் கப்பம் கட்டுவது போல் பிட்காயின் அனுப்பி, சாவி வந்ததும் பணம் போய்ச் சேருவதற்குள் பரிமாற்றத்தை ரத்து செய்து, 155 சாவிகளை வாங்கினார்கள். சாமர்த்தியமான வேலை. ஆனால் பூட்டப்பட்ட பெட்டிகளோ ஆயிரக்கணக்கில்.

இதெல்லாம் எங்கேயோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைப்பவர்களுக்காக, தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நெட் மெதுவாக இருக்கிறது என்றுதான் கூப்பிட்டார்கள். ரவுட்டரின் யூ.பி.என்.பி. பட்டியலைத் திறந்தேன். 80, 554, 8000 மூன்றும் கேமராவின் டி.வி.ஆருக்குத் திறந்திருந்தன. கேமரா மாட்ட வந்த பையன், செல்போனில் படம் தெரிய வேண்டும் என்பதற்காக டி.வி.ஆரில் அந்த வசதியை இயக்கிவிட்டுப் போயிருக்கிறான். 5000, 5001 இரண்டும் நாஸுக்கு. இதில் 5000 என்பது சங்கேதமாக்கப்படாத பாதை, கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். கடைசியாக 51413 என்று ஒரு வரி, 192.168.1.37க்கு. டொரன்ட் மென்பொருள் கேட்டு வாங்கியது. கேட்ட லேப்டாப், மகனோடு எப்போதோ சென்னை ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. அந்த 37ஆம் எண்ணை ரவுட்டர் இப்போது கிளினிக் கணினிக்குக் கொடுத்திருந்தது. காலக்கெடு என்ற கட்டத்தில் பூஜ்யம், அதாவது வரம்பில்லை. இது போன்ற வரிகள் வழக்கமாக ரவுட்டரை அணைத்துப் போட்டால் போய்விடும். அந்த வீட்டில் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது, மின்வெட்டிலும் அணைவதில்லை.

"நான் எதையும் திறக்கச் சொல்லலையே தம்பி" என்றார் டாக்டர். உண்மைதான், அவர் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பொருள்கள் அவரைக் கேட்காமல் சொல்லியிருக்கின்றன. நாஸின் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். 'அட்மின்' என்ற பெயரில் உள்ளே வர முயன்று தோற்ற வரிகள் பக்கம் பக்கமாகப் போயின. முகவரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாடு. அவர் முகம் மாறிவிட்டது. நோயாளிகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் அந்தப் பெட்டியில் இருந்தன.

யூ.பி.என்.பி.யில் இன்னொரு கேடும் இருக்கிறது. வீட்டுக்குள் மட்டுமே காது கொடுக்க வேண்டிய ரவுட்டர், சரியாகச் செய்யப்படாவிட்டால் இணையத்திலிருந்து வரும் கோரிக்கைக்கும் காது கொடுக்கும். 2013இல் ரேப்பிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் இணையம் முழுக்கத் தேடிப் பார்த்தபோது 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் வெளியிலிருந்து கேட்ட யூ.பி.என்.பி. கேள்விக்குப் பதில் சொல்லின. 2018இல் அகமாய் நிறுவனம், 45,000க்கும் மேற்பட்ட ரவுட்டர்களில் வெளியாட்கள் தாங்களே போர்ட் வரிகளை எழுதி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தது. உள்ளே இருக்கும் விண்டோஸ் கணினிகளின் கோப்புப் பகிர்வு வழியான 139, 445 எண்களைக் குறிவைத்து எழுதப்பட்ட வரிகள் அவை.

சரி, வெளியூரிலிருந்து பெட்டியைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர், "அண்ணே, அந்த ஆட்டோமேட்டிக்க போட்டு விட்டா முடிஞ்சுது, நீங்க ஏன் நிறுத்தி வைக்கிறீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவருடைய ஆல்பம் டிசைனர் மதுரையில் இருக்கிறார், படங்களை அங்கிருந்தே எடுக்க வேண்டும். அவருக்கு வி.பி.என். போட்டுக் கொடுத்தேன். வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் 2020 முதல் லினக்ஸின் கருவிலேயே இருக்கிறது. அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்றவற்றுக்கு ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசி நடுவில் கைகோத்துக்கொள்ளும். சாவி வைத்திருக்கும் கருவி மட்டுமே உள்ளே வரும். வெளியிலிருந்து துழாவுகிறவனுக்கு அங்கே ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. டிசைனரின் கணினியில் ஒரு முறை நிறுவியதோடு சரி.

மணப்பெண் வீட்டாருக்கு இது ஒத்துவராது என்பதும் உண்மை. படம் பார்க்க வி.பி.என். போடுங்கள் என்று ஒரு மாமாவிடமோ சித்தியிடமோ சொல்ல முடியாது. அவர்கள் பார்க்க வேண்டிய ஐந்நூறு படங்களைச் சிறிதாக்கி ஏதாவது ஒரு கிளவுடில் ஏற்றி லிங்க் அனுப்பினால் போதும். மூலக் கோப்புகள் இருக்கும் பெட்டியை அதற்காக வீதியில் நிறுத்த வேண்டாம். நாஸ் நிறுவனங்கள் தங்கள் சர்வர் வழியாக இணைத்துத் தரும் சேவைகளும் உண்டு, சினாலஜியின் குவிக்கனெக்ட் போல. வேகம் குறையலாம், போர்ட் திறக்காமலே வேலை நடக்கும். எதைச் செய்தாலும் பெட்டிக்கு இன்னொரு பிரதி, வேறொரு இடத்தில், இணைப்பைப் பிடுங்கி வைத்த ஹார்ட்டிஸ்கிலாவது இருக்கட்டும்.

"எங்கள் வீட்டில் அந்தக் கவலையே இல்லை, பொது முகவரியே கிடையாது" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஐ.பி.வி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்கில் இருக்கிறீர்கள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. அங்கே உங்கள் ரவுட்டர் போர்ட்டைத் திறந்தாலும் அதற்கு மேலே நிறுவனத்தின் கருவி மூடியே இருக்கும். நாஸ் திரையில் வெற்றி என்று பச்சை எழுத்து வரும், வெளியிலிருந்து ஒன்றும் வராது. நல்ல ரவுட்டர் மென்பொருள் இதைக் கண்டுகொண்டு, திறந்தும் பயனில்லை என்று முதலிலேயே மறுத்துவிடும். இதுவும் பழுதல்ல.

ஆனால் ஐ.பி.வி6 வந்துவிட்டது. அதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி. பங்கீடு தந்த தற்செயலான மறைவு அங்கே கிடையாது. ரவுட்டரின் ஃபயர்வால் மட்டும்தான் தடுப்பு. அந்த ஃபயர்வாலிலும் தானாக ஓட்டை போட்டுக்கொள்ளக் கருவிகளுக்கு யூ.பி.என்.பி.யின் இரண்டாம் பதிப்பு வழி வைத்திருக்கிறது. ஆகவே யார் கேட்டால் திறப்பது என்ற கேள்வி தீர்ந்துபோகவில்லை, பெரிதாகியிருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின், எல்லாவற்றையும் மூடிப் பூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிளேஸ்டேஷனில் நண்பர்களோடு விளையாடும் பிள்ளைக்குத் தானியங்கித் திறப்பு உண்மையிலேயே உதவுகிறது. அந்தக் கருவியில் யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் இல்லை. எந்தக் கருவிக்கு அந்த உரிமை என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான். இது முடியாத காரியமும் இல்லை. பெர்லின் நிறுவனம் ஒன்றின் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்களில், ஒவ்வொரு கருவிக்கும் நேரே 'இது தானாகப் போர்ட் திறந்துகொள்ளலாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாமாகக் குறி போட்டால்தான் அனுமதி. நான் பார்த்தவரை இந்தச் சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

நம் வீடுகளின் நிலை என்ன? ஃபைபர் இணைப்போடு நிறுவனமே ரவுட்டரையும் கொடுக்கிறது. பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போகிறார். பல ரவுட்டர்களில் யூ.பி.என்.பி. வரும்போதே இயங்கிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தவோ பட்டியலைப் பார்க்கவோ நுழைந்தால், அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் வைஃபை பெயரை மாற்றுவதற்கு மட்டுமே உதவும். முழு அதிகாரம் உள்ள கடவுச்சொல் நிறுவனத்திடம். ஒரு வீட்டுக்காக அதைக் கேட்டு நான் அலைந்திருக்கிறேன். கேபிள்காரர், "அது ஆபீஸ்லதான் சார் இருக்கும், எங்களுக்கே குடுக்கல" என்றார். வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் கொடுத்தார்கள். யாரும் பேசாமலே, தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. நிறுவனமோ தன் இடத்திலிருந்தபடியே அந்த ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற முடியும். வாசற்படி அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் உரிமை, அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் இல்லை.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் சட்டப்படியான உரிமை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான கடவுச்சொல்லோடு வீட்டுக் கருவிகளை விற்பது சட்டவிரோதம். நம்மிடமும் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூருவில் தேசியத் தொலைத்தொடர்புப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. வைஃபை ரவுட்டர் போன்ற வீட்டுக் கருவிகளுக்கும் பாதுகாப்புத் தேவைகளை அது வகுக்கிறது. அந்த மையத்திடமும் டிராயிடமும் ஒரு தொழில்காரனாக நான் கேட்பது இவை: வீட்டுக்கு வரும் ரவுட்டரில் தானியங்கிப் போர்ட் திறப்பு அணைந்த நிலையில் வரட்டும். வேண்டும் என்பவர் கருவி வாரியாகப் போட்டுக்கொள்ளட்டும். திறந்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியல், எந்தக் கருவி கேட்டது, எப்போது கேட்டது என்ற விவரத்தோடு வீட்டுக்காரர் செல்போனில் தமிழில் தெரியட்டும். புதிதாக ஒன்று திறந்தால் அன்றைக்கே தகவல் வரட்டும். முழு அதிகாரக் கடவுச்சொல், இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் எழுதிக் கொடுக்கப்படட்டும். மை புக் லைவ் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தகவல் ஒன்று முன்கூட்டியே போயிருந்தால், 2021 ஜூனுக்கு முன்பே பலர் அந்தப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கியிருப்பார்கள்.